பேரைச் சொல்லுங்க மேடம்

என் அக்கா பெவர்லியைப் போனில் மட்டும் கேட்டவர்கள் அவளைச் சீனப் பெண் என்றே நினைத்துக்கொள்வார்கள். பினாங்கில், ஜெலுத்தோங் வட்டாரத்தில் எங்கள் சந்து முழுக்கச் சீனக் குடும்பங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, அவர்கள் அம்மாக்களிடம் திட்டு வாங்கி வளர்ந்தவள் அவள். அதனால் அவர்கள் பேசும் ஹொக்கியன் மொழி அவள் வாயில் தண்ணீராக ஓடும். பெவர்லி என்ற பெயரை வைத்தும் ஆள் யாரென்று யாருக்கும் பிடிபடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் பார்க்கும் தொழில் வீட்டு ஏஜண்ட். பினாங்குத் தீவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களையும் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களையும் சேர்த்து வைக்கிற வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்ம ஆள்தானே என்ற தைரியத்தில் வீட்டுக்காரர்கள் போனில் அவளிடம் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். மேடம் லிம் என்று ஓர் அம்மாள் அப்படித்தான் கொட்டினார். "யாரை வேண்டுமானாலும் கூட்டி வா, கெலிங் மட்டும் வேண்டாம்" என்றார். கெலிங் என்பது தமிழர்களான எங்களைக் குறிக்கும் பழைய சொல். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர்ப்பலகையில் இருக்கும்போது அது சரித்திரம். வாடகை வீட்டு விஷயத்தில் வந்தால் அது வசவு. அக்கா "சரி ஆன்ட்டி, நாளைக் காலை வருகிறேன்" என்று குழைவாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் கதவைத் திறந்த மேடம் லிம், வாசலில் நல்ல கறுப்பான ஒரு தமிழச்சி ஹொக்கியனில் காலை வணக்கம் சொல்வதைக் கண்டு கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெவர்லி கோபப்படவில்லை. அவளுக்குக் கோபம் வராது என்றில்லை. என்னிடமும் அம்மாவிடமும் வருகிற கோபத்தைப் பார்த்தால் தெரியும். தொழிலில் அவள் வேறு வழி வைத்திருந்தாள். "ஆன்ட்டி, நேற்று போனில் சொன்னீர்களே, அதை என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கள், நான் போய்விடுகிறேன்" என்றாள். மேடம் லிம் சுவரில் ஈரம் என்றார். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்றார். மகன் திரும்பி வந்தாலும் வருவான் என்றார். பெவர்லி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் சரி. நேற்று சொன்னதைச் சொல்லுங்கள்" என்று அங்கேயே நின்றாள். கடைசியில் அந்த அம்மாளுக்கு வெட்கம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அந்த வீட்டில் இப்போது கோகுலன் என்கிற கணக்கர் குடும்பத்தோடு இருக்கிறார். ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் மேடம் லிம் அக்காவுக்குப் போன் போட்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டுகிறார்.

எல்லாக் கதவும் இப்படித் திறந்ததாக நினைத்துவிட வேண்டாம். முகத்தில் அறைந்து சாத்திய கதவுகள்தான் அதிகம். ஆனாலும் அவள் தன் வழியை விடவில்லை. யார் வேண்டாம், ஏன் வேண்டாம் என்று வீட்டுக்காரர் வாயாலேயே நேராகச் சொல்ல வைப்பாள். சொன்ன பிறகும் அதே பிடியில் நிற்கிறவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த வீட்டைக் கையில் எடுக்காமல் வந்துவிடுவாள். "சொல்றதுக்கு வெக்கப்படறாங்கல்ல, செய்யறதுக்கும் வெக்கப்படட்டும்லா" என்பாள்.

அவள் காதுக்கு ஒரு அகராதியே உண்டு. "சின்னக் குடும்பமா பாருங்க" என்றால் பிள்ளைக்காரர்கள் வேண்டாம். "ஆபீஸ் உத்தியோகமா இருந்தா நல்லது" என்றால் ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிறவன் வேண்டாம். "உள்ளூர் ஆள்" என்றால் நேப்பாளிக்கும் வங்காளதேசிக்கும் கதவு சாத்தியாயிற்று. "குடும்பப் பெண்" என்றால் தனியாக வாழ்கிற பெண் நடையைக் கட்டலாம். பத்திரிகைகளில் இதற்கெல்லாம் சேர்த்துப் பாகுபாடு என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற மாதிரி இனிப்பாக இருக்கிறது. பெவர்லி அப்படி மொத்தமாகக் கட்டிக் கொடுப்பதை ஒத்துக்கொள்ள மாட்டாள். இனம் என்றால் இனம் என்று சொல், வயது என்றால் வயது என்று சொல், தொழில் என்றால் தொழில் என்று சொல் என்பாள்.

நான் டெரிக், அவள் தம்பி. கடலுக்கு அக்கரையில், ஜூருவில் பழைய காடி, அதாவது கார், விற்கிறேன். மோதி நசுங்கின காடியை "லேசா உரசினது" என்று சொல்லிப் பிழைக்கிறவன். ஆகவே பூசி மெழுகுகிற சொற்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் அக்காவின் வழிக்கு உண்மையான சோதனை வந்தது மேடம் லிம் மாதிரி ஆட்களிடம் அல்ல. எங்கள் சொந்த வீட்டில்தான் வந்தது.

என்னிடம் காடி வாங்கியவன் சிவநேசன். ஜூருவில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன், கலகலப்பான பையன். அவன் மனைவி தனுஜா தீவில், ஜார்ஜ் டவுனில் பாலர் பள்ளி ஆசிரியை. இருவரும் அக்கரையில், பட்டர்வொர்த்தில் சிவநேசனின் அண்ணன் ஃப்ளாட்டில் ஓர் அறையில் இருந்தார்கள். தனுஜாவுக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் தினமும் ஃபெரி ஏறி இறங்கக் கூடாது, அவசரமென்றால் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளவும் கூடாது, பிரசவம் வரைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தீவில் வீடு வேண்டும். உடனே வேண்டும். நான் அவர்களை அக்காவிடம் அனுப்பினேன்.

அக்கா ஏறாத படி இல்லை. சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, தமிழர் வீடு எல்லாம் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் ஏதோ ஒரு இனிப்பான காரணம் காத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாடி காலியானது. எங்களுடையது இரண்டு தட்டு வீடு. அப்பா மைக்கேல் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தபோது வாங்கி அம்மா பெயரில் எழுதி வைத்தது. கீழே அம்மா அமலம்மாளும் பெவர்லியும் இருக்கிறார்கள். மாடிக்குப் பக்கவாட்டில் தனிப் படிக்கட்டு. பல வருசமாக அங்கே இருந்த சீனர் சியா வாத்தியார் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான தைப்பிங்குக்கே திரும்பிவிட்டார். ஆஸ்பத்திரி கொஞ்ச தூரம்தான். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நம்ம வீட்டையே மறந்துட்டு ஊரெல்லாம் சுத்தினேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாடியைப் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். அம்மா தனுஜாவின் வயிற்றைப் பார்த்ததும் உருகிவிட்டார். "ஆம்பளப் புள்ளதான், வயிறு முன்னால தள்ளியிருக்கு பாரு" என்று ஜோசியம் சொன்னார். பிறகு சிவநேசனைப் பக்கத்தில் உட்கார வைத்து விசாரணை தொடங்கியது.

"நீ எந்தத் தோட்டம்ப்பா?"

"கூலிம் பக்கம் ஆன்ட்டி. இப்போ தோட்டம் இல்ல, வீடுங்க கட்டித் தாமானா ஆயிருச்சு."

"அப்பா என்ன வேலை பாத்தாரு?"

"ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினாரு. அதோட பறை அடிப்பாரு ஆன்ட்டி! எங்க தாத்தா காலத்துலேர்ந்து தோட்டத்துல எங்க குடும்பம்தான் பறை. சாவு, திருவிழா எதுன்னாலும் எங்களைத்தான் கூப்பிடுவாங்க. நானும் அடிப்பேன். இப்ப ஒரு குழு வச்சிருக்கோம்" என்று கண் பளபளக்கச் சொன்னான் சிவநேசன்.

அம்மா "ஓ" என்றார். எழுந்து அடுப்படிக்குப் போனார். காபித் தட்டோடு திரும்பி வந்தபோது, எனக்கும் அக்காவுக்கும் ரோஜாப்பூ போட்ட கண்ணாடிக் கோப்பை. விருந்தாளிகள் இருவருக்கும் மாதா கோயில் திருவிழாவில் மிச்சமான தாள் கோப்பை. தனுஜா காபியை ஊதிக் குடித்தாள். சிவநேசன் ஒரு கணம் கோப்பையைப் பார்த்தான். பிறகு குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றான். பெவர்லி தன் கோப்பையைத் தொடவே இல்லை.

அவர்கள் போன பிறகு அம்மா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார். "பாவம்டி, வயித்துப்புள்ளக்காரி. அந்தப் படியில எப்படி ஏறுவா?"

"டாக்டர் ஃபெரிதான் வேணாம்னாரும்மா. படி ஏறக் கூடாதுன்னு சொல்லல."

"அந்தப் பையன் மேல உக்காந்து பறையடிச்சா அக்கம்பக்கம் என்ன சொல்லும்?"

"வீட்டுக்குள்ள யாரும்மா பறை அடிப்பா? குழுவுக்குத் தனியா எடம் இருக்கு."

"அவங்க சாமி வேற, நாம வேதக்காரங்க..."

"சியா வாத்தியார் மேல காலையிலயும் சாயந்திரமும் ஊதுபத்தி கொளுத்தினாரு. உங்களுக்குத் தும்மல்கூட வரல." அக்காவின் குரல் ஏறிவிட்டது. "சியா வாத்தியாருக்கு எந்தக் கோப்பையிலம்மா காபி குடுத்தீங்க?"

"கழுவச் சோம்பலா இருந்துச்சுடி."

"எங்களுக்கு மட்டும் கழுவினீங்களே."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாரையாச்சும் ஒரு வார்த்தை தாழ்த்திச் சொன்னதுண்டா? கேளு இவன்கிட்ட! பினாங்குல அதெல்லாம் ஏதுடி? கப்பல் ஏறினப்பவே எல்லாம் கடல்ல போயிருச்சு. வேதத்துக்கு வந்தவங்களுக்கு அதெல்லாம் கிடையவே கிடையாது."

"எதெல்லாம்மா?"

"அதெல்லாம்தான்!" என்று அம்மா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டத் தொடங்கினார்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. மற்றவர்கள் எங்களை ஒதுக்கினால் அதற்கு எங்களிடம் எத்தனை பெயர்கள்! இனவெறி, பாரபட்சம், ஓரவஞ்சனை, மாற்றாந்தாய் மனப்பான்மை. ஒலிபெருக்கி கிடைத்தால் பொழுது சாயும்வரை பேசுவோம். நாங்கள் ஒருவரை ஒதுக்கும்போது மட்டும் அது "அதெல்லாம்" ஆகிவிடுகிறது. கல்யாணப் பேச்சில் "குடும்பம் விசாரிக்கிறது" என்கிறோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று பாசமாகக் கேட்கிறோம். கேட்டவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். வாயில் மட்டும் வராது. எனக்கு அம்மாமேல் எரிச்சலாக வந்தது. அன்று நான் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சனிக்கிழமை காலை நான் வழக்கம்போல் அம்மாவுக்குப் பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாசல் மணி அடித்தது. திறந்தால் பெவர்லி. கறுப்பு கோட், ஆபீஸ் பை, கழுத்தில் ஏஜண்ட் அட்டை. செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"குட் மார்னிங் மேடம். நான் பெவர்லி. உங்க மாடி வாடகைக்கு இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

அம்மா கீரையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். "என்னடி கிறுக்கு புடிச்சிருச்சா? காலையில சாவி எடுத்துட்டுத்தானே போனே?"

"சாவி இருக்கு மேடம். வீட்டுக்காரங்க சொல்லாம ஏஜண்ட் உள்ள வரக் கூடாது."

"உன்னைப் பெத்தவடி நான்!"

"வாழ்த்துகள் மேடம்" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பி "நீ வாய மூடு" என்றார். ஆனால் அவர் உதட்டிலும் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அமலம்மாளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, உள்ள வாங்க ஏஜண்ட்டம்மா. உக்காருங்க."

பெவர்லி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "எப்படிப்பட்ட ஆளுங்களா பாக்கணும் மேடம்?"

"நல்ல குடும்பமா இருக்கணும்."

"எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க மேடம். கெட்ட குடும்பமா பாருங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"அமைதியான ஆளுங்க."

"அமைதின்னா, இந்தியர் வேணாமா?"

"சீ! நாமளே இந்தியருதானேடி... தானே ஏஜண்ட்டம்மா."

"அப்ப ஃபேக்டரி ஆளுங்க வேணாமா?"

"என் மவனே ஜூருல ஃபேக்டரி ஆளுங்களுக்குத்தான் காடி விக்கிறான்."

"தோட்டத்து ஆளுங்க?"

"நான் பொறந்ததே தோட்டத்துலதான். யாரு வேணாம்னா?"

"இந்துக்காரங்க வேணாமா மேடம்?"

"என் நாத்தனா கட்டினதே இந்துவத்தான். அவரு கையால நான் தீபாவளிச் சோறு தின்னிருக்கேன். எதுக்கு வேணாங்கறேன்?"

"புள்ளக்காரங்க?"

"புள்ளன்னா எனக்கு உசுரு!"

"சரி மேடம்" என்றாள் பெவர்லி. குரல் இறங்கியிருந்தது. "இந்தியர்னு இல்ல, ஃபேக்டரின்னு இல்ல, தோட்டம்னு இல்ல, இந்துன்னு இல்ல, புள்ளன்னு இல்ல. அந்த ரெண்டு பேரும் வேணாம்னா, வேற எதுக்கு மேடம் வேணாம்? பேரைச் சொல்லுங்க. நேரா சொல்லிட்டா நான் போயிருவேன்."

விளையாட்டு எங்கேயோ நின்றுபோயிருந்தது. ஒவ்வொரு கதவாக அம்மாவே மூடிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரே ஒரு கதவின் முன் நின்றிருந்தார். கீரைக் காம்பை ஒடித்தார். இன்னொன்றை ஒடித்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "சாதி பாக்கறேன்டி. போதுமா?" என்றார்.

என் அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. கேட்டபோது அவர்மேல் இருந்த எரிச்சல் போய், பாவமாக இருந்தது.

பெவர்லியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் எழுந்து நின்றாள். "நன்றி மேடம். நேரா சொன்னதுக்கு. ஆனா நான் இந்த மாதிரி வீட்டை எடுக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போறே? சோறாக்கிட்டேன்!"

"ஆபீசுக்கு மேடம்."

அம்மா கீரையை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டார். சாப்பிடவில்லை. மத்தியானம் சாய்ந்ததும், "டெரிக், கோயிலுக்குக் கொண்டுபோய் விடு. பூசைக்கு முன்னாடி ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேப்பாரு" என்றார்.

வழியில் காடியில் அவராகவே பேசினார். "பாவசங்கீர்த்தனத்துல சுத்தி வளைக்க முடியாதுடா. பாவத்தைப் பேர் சொல்லித்தான் சொல்லணும். நான் எத்தனை வருசமா போறேன். கோவப்பட்டேன், பொறணி பேசினேன், செபமாலை சொல்லும்போது தூங்கிட்டேன்... இதையேதான் சொல்லிட்டு வர்றேன். ஃபாதருக்கே மனப்பாடம் ஆயிருக்கும். இதை ஒரு தடவகூடச் சொன்னதில்ல. பேரே இல்லாதப்ப என்னன்னு சொல்றது?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேர் இல்லாததால அது பாவமே இல்லன்னு நெனச்சுட்டேன் போலருக்கு."

வழக்கமாக அம்மா உள்ளே போனால் உடனே வெளியே வந்துவிடுவார். அன்று வரவே இல்லை. வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "உங்கம்மா என்ன, யாரையாச்சும் கொன்னுட்டாங்களா?" என்று கேட்டார். "தெரியலை ஆன்ட்டி, நல்லவங்கதான்" என்றேன். ஒருவழியாக வெளியே வந்தபோது அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. முகம் கழுவிவிட்டது போல இருந்தது. ஃபாதர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "அது எனக்கும் அவருக்கும். உனக்கென்ன?" என்று என் வாயை அடைத்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் பெவர்லியின் அறைக் கதவைத் தட்டினார். "ஏஜண்ட்டம்மா, நாளைக்குப் பட்டர்வொர்த் போகணும். ஃபெரிக்கு வர்றீங்களா?"

கதவு திறந்தது. அக்கா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்ட வேகத்தில் அவர் கண்ணாடி கழன்று விழுந்தது. இரண்டு பேரும் அழுதுகொண்டே அதைத் தரையில் துழாவியதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இரவு நானும் அங்கேயே தங்கினேன்; மறுநாள் பூசை முடிந்து மூவரும் ஃபெரி ஏறினோம். வெயில் நன்றாக அடித்தது, கடல் பளபளத்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால், "வணக்கம்மா... இல்ல, எப்படிம்மா இருக்கே... இல்ல..." என்று ஒத்திகை.

"எப்படிடி ஆரம்பிக்கிறது?" என்று அக்காவைக் கேட்டார்.

"எனக்கும் தெரியலம்மா. இதுவரைக்கும் எந்த வீட்டுக்காரரும் இந்த எடம் வரைக்கும் வந்ததில்ல" என்றாள் அக்கா.

சிவநேசனின் அண்ணன் ஃப்ளாட்டில் கூடம் முழுக்கப் பிள்ளைகளும் துணிகளும். தனுஜா வீங்கிய கால்களைச் சின்ன முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழப் பார்த்தாள். அம்மா அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தான் உட்காராமலே பேசினார். ஒத்திகை எல்லாம் காற்றில் போயிருந்தது.

"அன்னிக்கு நீங்க வந்தப்ப நான் உங்ககிட்ட சாதி பாத்தேன்மா. தாள் கோப்பையில காபி குடுத்தது அதுக்குத்தான். மாடியக் குடுக்க மாட்டேன்னு எம்மவகிட்ட சொன்னதும் அதுக்குத்தான். படி, சத்தம், சாமின்னு அப்புறம் சொன்னதெல்லாம் பொய். நான் செஞ்சதுக்கு வேற பேரே கிடையாது. மன்னிச்சிருங்க ரெண்டு பேரும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு நாள்ல முழுசா மாறிட்டேன்னு சொன்னா அதுவும் பொய்யாயிரும். அடியில இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கும். அதுக்கு நீங்க ஏன் வீதியில நிக்கணும்? மாடி உங்களுக்குத்தான். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

சிவநேசன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "கோப்பையப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு ஆன்ட்டி. இவகிட்டதான் சொல்லல" என்றான். அவன் குரலில் அன்றைய கலகலப்பு இல்லை. அவன் எங்களை வெளியே போகச் சொல்லியிருந்தாலும் நியாயம்தான் என்று நினைத்தேன்.

தனுஜா அழத் தொடங்கினாள். அம்மா பதறிப்போனார். அக்கா ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "பிரஷர் ஏறிரும்மா, அழாதே."

"இல்லக்கா..." என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் தனுஜா. "ஒரு வீட்டுல சமைச்சா வாசம் வரும்னாங்க. நான் அப்புறம் மீன் வாங்கறதையே விட்டுட்டேன். இன்னொரு வீட்டுல உங்காளுங்க சத்தமா பேசுவீங்கன்னாங்க. அன்னிலேர்ந்து மெதுவா பேசப் பழகினேன். வயிறு பெருசா தெரியக் கூடாதுன்னு தொளதொளன்னு சட்டை போட்டுட்டுப் போவேன். எவ்வளவு செஞ்சாலும் எல்லாரும் சிரிச்சுட்டே வேணாம்னாங்க. ராத்திரி படுத்தா, என்கிட்ட என்னதான் சரியில்லைன்னே யோசனை. இவரக் கேட்டா ஒண்ணுமில்லம்பாரு." அம்மாவைப் பார்த்தாள். "இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் ஆன்ட்டி, அது உன் தப்பு இல்ல, என் தப்புன்னு வந்து சொல்லியிருக்கீங்க."

சொல்ல வைப்பது வீட்டுக்காரர்களை வெட்கப்பட வைக்க என்றுதான் அக்கா இவ்வளவு காலம் நினைத்திருந்தாள். மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது. பிறகு என்னிடம் அவளே சொன்னாள்.

தனுஜா சிவநேசனைப் பார்த்தாள். அவன் சுவரிலிருந்து நிமிர்ந்து தலையசைத்தான். "ஆனா ஒண்ணு ஆன்ட்டி" என்றாள் தனுஜா. "புள்ள பொறந்தா மாமனாரு வந்து எங்ககூடத் தங்குவாரு. கீழ வந்து உங்க மேசையில உக்காந்துதான் பேசுவாரு. அவரு வாய் ஓயாது."

"வரட்டும்மா. எனக்கு மட்டும் வாய் ஓயுதா?" என்றார் அம்மா.

அதற்குத் தனுஜா சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று எழுந்து அழுதது. அடுப்படியில் இருந்த அண்ணன் மனைவி என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தார். "அக்கா, வீடு கெடைச்சிருச்சு!" என்று தனுஜா கூவினாள். அது கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். சுபாவத்திலேயே அமைதியான பெண் என்றுதான் நான் அவளைப் பற்றி நினைத்திருந்தேன்.